அக்கா கடைக் கம்ப்யூட்டரும் நான் சொன்ன பொய்யும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர்கள் ஒரு வாரமாக என்னைத் துரத்திக் கொண்டிருக்கிறார்கள். "மூணு வருஷம் படிச்சு முடிச்சுப் போகப் போற, ஒரு கட்டுரையாவது எழுதிக் குடுடா" என்று. கவிதை எனக்கு வராது. வருங்கால இந்தியா பற்றி எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆகவே எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதில் வீர தீரம் எதுவும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுத்த கதை. அதை எழுப்பப் போனவன் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதை. படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. நடுவில் வரும் டெக்னிக்கல் சமாச்சாரத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் போடும் யாருக்கும் அது ஒரு நாள் கை கொடுக்கும்.

2025 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறந்த சமயம். நான் அப்போது இரண்டாம் ஆண்டு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. போர்டில் ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது 'அக்கா கடை'தான். ஜெராக்ஸ், டி.டி.பி., லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் அங்கே நடக்கும். நான் இந்தப் பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் போட்டதும் அந்தக் கடையில்தான். கையில் சில்லறை இல்லை என்றால், "அப்புறம் குடு தம்பி, எங்க ஓடிடப் போற" என்பார் அக்கா.

கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். 2014-ல் வாங்கியதாம். நான்காம் தலைமுறை ஐ-3 பிராசஸர், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 7 இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதை விண்டோஸ் 10 ஆக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அக்கா பட்டனைத் தட்டிவிட்டு, வாசல் தெளித்து, கோலம் போட்டு, டீயும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அப்போதுதான் திரை தயாராகிக் கொண்டிருக்கும். போதாததற்கு, கொஞ்ச நாளாக உள்ளேயிருந்து 'கட்... கட்...' என்று ஒரு சத்தம்.

ஒரு நாள் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அக்கா கேட்டார்: "தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிற? இதுக்கு ஒரு வழி சொல்லேன்."

நண்பர்களே, இந்த ஒரு கேள்வி போதும் நம்மைப் போன்றவர்களைக் கவிழ்ப்பதற்கு!

"எஸ்.எஸ்.டி. போட்டுடலாம் அக்கா. ராக்கெட் மாதிரி ஓடும். நானே போட்டுத் தர்றேன், லேபர் எல்லாம் வேண்டாம்" என்றேன்.

நான் சொன்னதில் தப்பில்லை. ஹார்ட் டிஸ்க்கில் வட்டமான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும். அதன்மேல் ஒரு ஊசி போன்ற முனை ஓடி ஓடித் தகவலைத் தேடி எடுக்க வேண்டும். அந்த முனையோ தட்டோ பழுதானால் இப்படிக் 'கட் கட்' சத்தம் வரலாம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது, எல்லாம் சிப். அதனால்தான் பத்து வயசுக் கம்ப்யூட்டருக்குக்கூட அதைப் போட்டால் புது உயிர் வந்த மாதிரி இருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். நாலு கடை ஏறி இறங்கி, 240 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை 1,700 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லை அக்காவிடம் கொடுத்தபோது எனக்கே ஒரு என்ஜினியர் மிடுக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு, கடை லீவு. கேபினெட்டைத் திறந்து, பத்து வருஷத் தூசியை பிரஷ்ஷால் தட்டினேன். எஸ்.எஸ்.டி.க்குத் தனி சாட்டா கேபிள், எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து மீதியிருந்த பவர் கேபிள். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றவில்லை. டேட்டா எடுக்க வேண்டுமே! விண்டோஸ் 10 பென் டிரைவைச் செருகி இன்ஸ்டலேஷனை ஆரம்பித்தேன். 'எங்கே நிறுவ வேண்டும்?' என்று கேட்டது. எஸ்.எஸ்.டி.யின் காலி இடத்தைக் காட்டி, அடுத்த பட்டனை அழுத்தினேன். அரை மணியில் வேலை முடிந்தது. பழைய டிஸ்க்கிலிருந்த அக்காவின் ஃபைல்களை எல்லாம் எஸ்.எஸ்.டி.க்கும், இன்னொரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் போட்டேன். அந்த மட்டும் புத்தி இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா பட்டனைத் தட்டினார். வாசல் தெளிக்க வாளியைத் தூக்குவதற்குள் திரை வந்துவிட்டது. "அட! என்னடா தம்பி இது!" என்று சிரித்தார். 300 ரூபாய் கொடுக்க வந்தார்; நான் வாங்கவில்லை. "நாலு நாள் ஓடட்டும் அக்கா. அப்புறம் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழட்டிடலாம், சத்தம் போயிடும்" என்றேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் கழற்றினேன். ஸ்க்ரூவை முடுக்கிக் கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. "எல்லாம் முடிஞ்சுது அக்கா, நாளைக்கு ஆன் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போட்டுப் பார்க்காமலே 'முடிஞ்சுது' என்று சொன்னேன். இது முதல் தப்பு.

"அந்தப் பழசை நீயே வச்சுக்கோ தம்பி, எனக்கு எதுக்கு" என்றார் அக்கா. வீட்டுக்கு எடுத்துப் போனேன். யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டி என் லேப்டாப்பில் சேர்த்தேன். பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்தேன். 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்று கணக்குப் போட்டு நண்பனிடமிருந்து வாங்கிய சினிமாப் படங்களை அதில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். இது இரண்டாவது தப்பு. அது தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு போன். "தம்பி, கறுப்பா நிக்குது. இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி வருது. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

போனேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. 'சரியான பூட் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி துவக்கு. இல்லாவிட்டால் பூட் டிஸ்க்கைச் செருகி ஒரு கீயை அழுத்து' என்று அர்த்தம். கடை வாசலில் பதினோரு பேர் நின்று கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாளாம்.

வியர்க்க ஆரம்பித்தது. கேபினெட்டைத் திறந்தேன். கேபிளை மாற்றினேன். போர்ட்டை மாற்றினேன். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பயாஸ் செட்டிங் எல்லாம் கலைந்து, தேதி எங்கோ பழைய வருஷத்துக்குப் போய்விட்டது. பயாஸுக்குள் போய் ஏ.எச்.சி.ஐ.யை ஐ.டி.இ. ஆக்கினேன். லெகஸியை யு.இ.எஃப்.ஐ. ஆக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை சும்மா இருந்தால் பின்னால் நிற்கிற பதினோரு பேரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

கடைசியில் பூட் வரிசையிலிருந்து எஸ்.எஸ்.டி.யின் பெயரே காணாமல் போனது.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி ஆச்சு?"

"எஸ்.எஸ்.டி. போயிடுச்சு அக்கா. பீஸே டேமேஜ். வாரண்டி இருக்கு. நாளைக்கு ரிச்சி தெருவுல குடுத்து மாத்திட்டு வந்துடறேன்."

இதுதான் நான் சொன்ன பொய். 'தெரியாமல் சொல்லிவிட்டாய், பொய் என்று எப்படிச் சொல்வது?' என்று நீங்கள் கேட்கலாம். பயாஸின் முதல் பக்கத்தில் எஸ்.எஸ்.டி.யின் பெயரும் 240 ஜி.பி. என்ற அளவும் பளிச்சென்று தெரிந்ததை நான் பார்த்தேன். செத்துப் போன டிஸ்க் தன் பெயரை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். என் மேல் தப்பு இருக்கலாம் என்பதை அந்தப் பதினோரு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய், "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சென்டர் இருக்கு, அங்க போய்ப் போட்டுடுங்க. நாளைக்கு சர்வர் இழுக்கும், இன்னிக்கே முடிச்சுடுங்க" என்று தன் வாடிக்கையாளர்களுக்குத் தானே வழி சொல்லி அனுப்பினார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்தார். "ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் வச்சுக்கோ. என்னால உனக்கு எவ்வளவு அலைச்சல்" என்றார்.

அந்த நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு காலேஜுக்கு வந்தேன். அன்று முதல் இரண்டு பீரியடில் என்ன நடத்தினார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

மதிய இடைவேளையில் ஹார்டுவேர் லேபுக்குப் போனேன். லேப் சார் சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "சார், ஒரு எஸ்.எஸ்.டி. டெட். செக் பண்ணிப் பார்க்கலாமா?"

"டெட்டுன்னு முடிவு பண்ணிட்டியா? அப்புறம் என்னத்தைச் செக் பண்றது?" என்று சிரித்தார். ஆனாலும் லேப் மிஷினில் அதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டச் சொன்னார். மாட்டினேன். ஆன் செய்தேன். ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, தாலுகா ஆபீஸ் படிவம்... எல்லாம் அப்படியே இருந்தன.

"உயிரோட இருக்கு பாரு" என்றார் சார். "சரி, உட்காரு. என்னென்ன மாத்தினேன்னு வரிசையா எழுது. ஞாயித்துக்கிழமையில இருந்து ஆரம்பி."

எழுதினேன். எழுத எழுத எனக்கே அசிங்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரத்தில் மட்டும் ஏழு மாற்றம் செய்திருக்கிறேன். ஒன்றைச் செய்து, பலன் பார்த்து, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவே இல்லை. சார் அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். வியாழக்கிழமையில் விரலை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமையில இருந்து வியாழன் வரைக்கும் நல்லா ஓடிச்சு. வியாழன் சாயந்திரம் ஒண்ணே ஒண்ணுதான் மாறிச்சு. பழைய டிஸ்க்கைக் கழட்டின. அப்புறம் ஓடல. இதுல ராமை எதுக்குடா தேய்ச்ச?"

நான் பேசவில்லை.

"பழைய டிஸ்க் இப்போ எங்க?"

"வீட்ல சார்."

"அதுல என்ன இருக்கு?"

"...படம் சார்."

சார் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் எழுந்து, ராம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பயாஸுக்கு விண்டோஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். பூட் வரிசையில் முதலில் இருக்கும் டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிப்பது. மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் ஒரு குட்டி புரோகிராம். 64 பைட்டில் நாலு பார்ட்டிஷன் பற்றிய அட்டவணை. மீதி 2 பைட் அடையாள முத்திரை. 1983-ல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி.யும் பி.சி.-டாஸ் 2.0-வும் வந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. அந்தக் குட்டி புரோகிராம், அட்டவணையில் எந்தப் பார்ட்டிஷனுக்கு 'ஆக்டிவ்' என்று குறி போட்டிருக்கிறதோ அதைத் தேடிப் போகும். அங்கே இருக்கும் பூட் மேனேஜரை எழுப்பும். பூட் மேனேஜர் தன் குறிப்பேட்டைப் பார்த்து, 'விண்டோஸ் இன்ன டிஸ்க்கில், இன்ன ஃபோல்டரில் இருக்கிறது' என்று தெரிந்துகொண்டு அதை எழுப்பும். ஒருவர் அடுத்தவரை எழுப்ப, அவர் இன்னொருவரை எழுப்ப... விடிகாலையில் ஹாஸ்டல் ரூம் மாதிரி. நடுவில் ஒருவர் இல்லையென்றால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் தூங்க வேண்டியதுதான்.

விண்டோஸ் 7 போட்ட காலத்தில், பழைய ஹார்ட் டிஸ்க்கில் 100 எம்.பி.யில் ஒரு சின்னப் பார்ட்டிஷன் உருவாகியிருக்கிறது. அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. அதனால் 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் கண்ணுக்குத் தெரியாது. பூட் மேனேஜரும் அந்தக் குறிப்பேடும் அதற்குள்தான் இருந்தன. நான் இரண்டு டிஸ்க்கையும் மாட்டி வைத்துக்கொண்டு புது விண்டோஸை நிறுவினேன் அல்லவா? இன்ஸ்டாலர் பார்த்தது. 'ஏற்கெனவே ஒரு ஆக்டிவ் பார்ட்டிஷன் தயாராக இருக்கிறதே' என்று துவக்கக் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டு, விண்டோஸை மட்டும் எஸ்.எஸ்.டி.யில் வைத்தது. நாலு நாளும் கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்கில் கண் விழித்து, எஸ்.எஸ்.டி.யில் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. வேகமாக ஓடியதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"குடித்தனம் புது வீட்டுக்கு வந்துடுச்சு. சாவி மட்டும் பழைய வீட்லயே இருந்திருக்கு" என்றார் சார். "நீ என்ன பண்ணின? பழைய வீட்டையே இடிச்சுட்டுப் படம் ஓட்டிட்டிருக்க."

இன்னொரு விஷயமும் காட்டினார். விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கிறது. நான் நாலு நாளில் ஒரு தடவை அதைத் திறந்திருந்தால்கூட விஷயம் தெரிந்திருக்கும். எந்தப் பார்ட்டிஷனில் துவக்கக் கோப்புகள் இருக்கிறதோ அதற்குக் கீழே 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதற்கு 'பூட்' என்று எழுதியிருக்கும். பெயர்கள் தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பாதீர்கள். மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் அப்படி. 'சிஸ்டம்' ஒரு டிஸ்க்கிலும் 'பூட்' வேறு டிஸ்க்கிலும் இருந்தால், முதல் டிஸ்க்கைக் கழற்றக் கூடாது என்று அர்த்தம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "அப்போ சரி பண்ணிடலாமா சார்?"

"பண்ணலாம். பத்து நிமிஷ வேலை. ஆமா, நீ அந்த அக்காகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

சொன்னேன். சட்டைப் பையிலிருந்த நோட்டையும் சொன்னேன். சார் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ நாளைக்கு ரிச்சி தெருவுக்குப் போயிருந்தா, கடைக்காரர் இதை மாட்டிப் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லியிருப்பார். அப்புறம் அந்த அக்காகிட்ட வந்து இரண்டாவதா ஒண்ணு சொல்லணும். அதுக்கு அப்புறம் மூணாவதா ஒண்ணு. யோசிச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சாயந்திரம் கடைக்குப் போனேன். அக்கா சும்மா உட்கார்ந்து லேமினேஷன் கவர்களை அடுக்கிக் கொண்டிருந்தார். அந்தக் கடையில் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முதலில் 500 ரூபாய் நோட்டை மேஜை மேல் வைத்தேன்.

"எஸ்.எஸ்.டி. நல்லாத்தான் இருக்கு அக்கா. தப்பு நான் பண்ணினது. காலையிலயே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. எல்லாரும் இருந்தாங்களேன்னு உங்ககிட்ட அப்படிச் சொல்லிட்டேன்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. 'பரவாயில்லை தம்பி' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் உன்னை அடிச்சிடவா போறேன்? வேற யாரையாவது கூப்பிட்டிருப்பேன். மத்தியானத்துக்குள்ள சரியாகியிருந்தா அந்தப் பதினோரு பேரும் இங்கேயே போட்டிருப்பாங்க இல்ல?"

உண்மை. அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? "இப்போ சரி பண்ணிடறேன் அக்கா" என்றேன். "பண்ணு" என்றார்.

முதல் வேலையாக, காலையில் நான் கலைத்ததை எல்லாம் பழையபடி வைத்தேன். பயாஸில் லெகஸி, ஏ.எச்.சி.ஐ., சரியான தேதி. எஸ்.எஸ்.டி.யின் பெயர் பூட் வரிசையில் திரும்பி வந்தது. அது செத்துப் போகவே இல்லை. யு.இ.எஃப்.ஐ. முறையில் மட்டும் துவங்கு என்று நான் சொன்னதால், அந்த முறைக்குரிய துவக்கப் பகுதி இல்லாத எஸ்.எஸ்.டி.யை வரிசையில் காட்டாமல் விட்டிருக்கிறது.

பிறகு விண்டோஸ் பென் டிரைவைச் செருகினேன். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் நிற்கும். ஒன்றின் முன்னால் 'யு.இ.எஃப்.ஐ.' என்று இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நமது எஸ்.எஸ்.டி. பழைய எம்.பி.ஆர். முறையில் இருப்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். நிறுவுவதற்குப் போகாமல், கீழே இருக்கும் பழுது பார்க்கும் பகுதிக்குப் போய், கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தேன்.

அங்கே ஒரு கண்ணி இருக்கிறது என்று சார் சொல்லியிருந்தார். அந்தத் திரையில் 'சி' என்று தெரிவது நம் சி டிரைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்து, எதில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். டிஸ்க்பார்ட்டில் நுழைந்து, எஸ்.எஸ்.டி.யின் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து 'ஆக்டிவ்' என்று குறி வைத்தேன். அடுத்து பி.சி.டி.பூட் என்ற கட்டளை. விண்டோஸ் ஃபோல்டர் எது, துவக்கக் கோப்புகளை எங்கே வைக்க வேண்டும், பயாஸ் முறையா யு.இ.எஃப்.ஐ. முறையா என்று மூன்றையும் அதற்குச் சொன்னேன். கோப்புகள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரு வரி வந்தது. கடைசியாக பூட்ரெக் கட்டளையால் முதல் செக்டரையும் புதுப்பித்தேன். பென் டிரைவை உருவினேன். அக்காவைப் பார்த்தேன்.

"நீங்களே தட்டுங்க அக்கா."

தட்டினார். கறுப்புத் திரை. ஒரு நொடி... இரண்டு நொடி... விண்டோஸ் படம் வந்தது. நான் மூச்சு விட்டேன். அக்கா மூச்சு விடவில்லை.

"ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை போடு."

போட்டேன். வந்தது.

"பிளக்கைப் பிடுங்கிட்டு இன்னொரு தடவை."

பிடுங்கி மாட்டினேன். வந்தது. "சரி, இப்போ பொட்டியை மூடு" என்றார். டெஸ்டிங் என்றால் என்ன என்று அன்று எனக்குப் பாடம் நடத்தியவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்!

சனிக்கிழமை காலை கடையில் ஒரே கூட்டம். கடைசி நாள் ஆயிற்றே. நான் ஒரு மூலையில் நின்று ஃபோட்டோவையும் கையெழுத்தையும் ஸ்கேன் செய்து அளவு குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னோடு அதிகம் பேசவில்லை. மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வரச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரை, நான் எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நம்புவார். அந்த இரண்டு மாதம் எனக்கு அவர் விதித்த தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்குறிப்பாக ஒரு செய்தி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அக்காவின் நான்காம் தலைமுறைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குரிய தகுதிப் பட்டியலில் இல்லை. அந்தச் சமயத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "இதை என்ன தம்பி பண்றது?" என்று கேட்டார். அன்றைக்கு நான் ராக்கெட் எதையும் விடவில்லை. எனக்குத் தெரிந்தவற்றை ஒரு தாளில் ஒரு பக்கம் எழுதினேன். தெரியாததை மறுபக்கம் எழுதி, "இதை லேப் சார்கிட்ட கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றேன். அவர் "நிஜமாவா?" என்று கேட்கவில்லை.

ஜூனியர் நண்பர்களுக்காகச் சுருக்கமாகச் சில வார்த்தைகள்:

1. புது டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் துவங்கவில்லையா? முதலில் பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிள், பவர், போர்ட் பக்கம் போங்கள். தெரிகிறது என்றால் அவற்றைத் தொடாதீர்கள். பூட் வரிசையையும் துவக்கக் கோப்புகளையும் பாருங்கள்.

2. லெகஸி முறைக்கு எம்.பி.ஆர்., யு.இ.எஃப்.ஐ. முறைக்கு ஜி.பி.டி. விண்டோஸுக்கு இந்த ஜோடி மாறக் கூடாது.

3. புது டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளை உருவி வையுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

4. பழைய டிஸ்க் இல்லாமல் ஒரு வாரமாவது ஓடிய பிறகுதான் அதை அழிக்க வேண்டும். சினிமாப் படம் ஓடிப் போய்விடாது.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அதையும் தாளில் எழுதுங்கள்.

6. போட்டுப் பார்க்காமல் 'முடிஞ்சுது' என்று சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் 'தெரியலை' என்று சொல்லுங்கள். மற்ற ஐந்தும் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். இது அக்கா கடையில் கிடைத்தது.

அந்தப் பழைய டிஸ்க் சொன்னபடியே கொஞ்ச நாள்தான் ஓடியது. படங்களோடு சேர்ந்து போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை